இலவச ஃபிரேமுக்கு எவ்வளவு செலவாகும்?

வாசகர் கேள்வி:

அண்ணா, எனக்கு 24 வயது. உறவினர் ஒருவர் தன் பழைய மவுண்டன் பைக்கின் ஃபிரேமைச் சும்மாவே கொடுத்துவிட்டார். அலுமினியம், 26 இஞ்ச் சக்கரத்துக்கானது, அளவு 18 இஞ்ச். என் உயரம் 172 செ.மீ. ஹெட் டியூபின் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) உள்விட்டம் 34 மி.மீ., பின்சக்கரம் மாட்டும் இடைவெளி 135 மி.மீ. என்று அளந்து வைத்திருக்கிறேன். டிஸ்க் பிரேக் மாட்ட இடம் இருக்கிறது. புது மவுண்டன் பைக் வாங்க வசதி இல்லை. பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து நானே பூட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். இப்போது ஒருவரிடம் 29 இஞ்ச் சக்கரத்துக்கான, 120 மி.மீ. அமுங்கும் ஏர் ஃபோர்க் (காற்றழுத்தத்தில் இடி தாங்கும் முன்கவை) ஒன்றும், 148 மி.மீ. அகல ‘பூஸ்ட்’ ஹப் வைத்த பின்சக்கரம் ஒன்றும் குறைந்த விலைக்கு வந்திருக்கின்றன. ஃபோர்க்கின் தண்டு மேலே ஒல்லியாகவும் அடியில் பருத்தும் இருக்கிறது. உடனே முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? எதைப் பழையதாக வாங்கலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்?

பதில்:

தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள். பாகங்கள் நல்லவையாகவே இருக்கலாம், விலையும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் ஃபிரேமில் இரண்டுமே ஏறாது.

முதலில் ஃபோர்க். மேலே ஒல்லி, அடியில் பருமன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது டேப்பர்டு ஸ்டியரர். மேலே 1⅛ இஞ்ச், அதாவது 28.6 மி.மீ.; அடியில் 1½ இஞ்ச், கிட்டத்தட்ட 38 மி.மீ. உங்கள் ஹெட் டியூபின் உள்விட்டம் 34 மி.மீ. என்றால், அது மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில் வரும் 1⅛ இஞ்ச் தண்டுக்காகச் செய்தது. 38 மி.மீ. தண்டு 34 மி.மீ. துளைக்குள் எப்படிப் போகும்? எந்த அடாப்டராலும் ஆகாத காரியம். உள்விட்டம் 44 மி.மீ. ஆக இருந்திருந்தால் அடியில் வெளியே துருத்தி நிற்கும் ஒரு ஹெட்செட் (தண்டு திரும்ப உதவும் பேரிங்) கிண்ணம் போட்டு ஏற்றியிருக்கலாம். நேர்மாறாக, டேப்பர்டு ஃபிரேமில் நேர்த்தண்டு ஃபோர்க் போடுவது சுலபம், அதற்கென்றே வளையம் விற்கிறது. உங்களுக்கு வாய்த்திருப்பது கடினமான பக்கம்.

தண்டு சேர்ந்திருந்தாலும் உயரம் சேராது. 29 இஞ்ச் சக்கரத்துக்கான 120 மி.மீ. ஃபோர்க், அச்சிலிருந்து தலைவரை ஏறக்குறைய 51 செ.மீ. இருக்கும். 26 இஞ்சுக்கான 100 மி.மீ. ஃபோர்க் 47 செ.மீ. அளவில்தான் இருக்கும். ஃபோர்க் 2 செ.மீ. நீண்டால் ஹெட் டியூபின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும். 4 செ.மீ. நீண்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், சீட்டும் பின்னால் சாயும். அதைவிட முக்கியமாக, நீளமான ஃபோர்க் ஒவ்வொரு இடியிலும் ஹெட் டியூப் வெல்டிங்கை நெம்பும். வயதான அலுமினிய ஃபிரேமுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

பின்சக்கரத்துக்கு வருவோம். 148 மி.மீ. ஹப்பை 135 மி.மீ. இடைவெளியில் நுழைக்க 13 மி.மீ. விரிக்க வேண்டும். ‘கொஞ்சம் நெம்பினால் போய்விடும்’ என்று யாராவது சொல்வார்கள். இரும்பு ஃபிரேமைச் சில மில்லிமீட்டர் விரித்துப் பெண்டு எடுப்பது உண்டு. அலுமினியத்தில் அந்த வேலையே கூடாது. இன்று விரியும், பிறகு ஒருநாள் வெடிக்கும். அப்படியே நுழைத்தாலும் பூஸ்ட் ஹப் 12 மி.மீ. த்ரூ ஆக்ஸிலுக்கானது (துளைக்குள் செருகித் திருகும் அச்சு), உங்களுடையதோ குயிக் ரிலீஸ் காடி (சிறு நெம்புகோலால் பூட்டும் திறந்த பிளவு). ரிம்மும் பெரிது: டயர் உட்காரும் விட்டம் 26 இஞ்சில் 559 மி.மீ., 29 இஞ்சில் 622 மி.மீ. ஆரத்தில் மட்டும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். டயர் ஃபிரேமின் பின்குழாய்களில் போய் முட்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த ஃபோர்க்கும் பின்சக்கரமும் ஒன்றுக்கொன்று பொருத்தமான ஜோடிதான். சேராமல் நிற்பது சும்மா வந்த உங்கள் ஃபிரேம். ‘அப்படியானால் ஒரு 29 இஞ்ச் ஃபிரேமை வாங்கிவிடுகிறேன்’ என்று கிளம்பிவிடாதீர்கள். ஃபிரேம் வந்தால் அதற்கு ஹெட்செட், அந்த ஃபோர்க்குக்கு ஏற்ற முன்சக்கரம், பின் ஹப்பில் பல்சக்கரங்கள் ஏறும் ஃப்ரீஹப் எந்த வகையோ அதற்கான கேசட் (பின்பல்சக்கரத் தொகுதி), அந்தக் கேசட்டுக்கு ஏற்ற ஷிஃப்டர் (கியர் மாற்றும் விசை) என்று வரிசையாக வந்து நிற்கும். 12 ஸ்பீடு, அதாவது பின்னால் 12 பல்சக்கரம் என்றால், கேசட்டும் செயினும் ஒவ்வொரு முறை தேயும்போதும் பர்ஸைப் பதம் பார்க்கும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தனித்தனிப் பாகமாகச் சேர்த்தால் மலிவாக முடியுமா? முடியாது. சைக்கிள் கம்பெனிகள் ஃபோர்க்கையும் கியரையும் மொத்தமாக வாங்குவதால், கடையில் ஒரு முழு சைக்கிளின் விலை அதன் பாகங்களைத் தனித்தனியே வாங்கும் விலையைவிடப் பொதுவாகக் குறைவு. பழைய சாமான் சந்தையிலும் இதே கணக்குதான். பிரித்து விற்பவருக்குக் காசு அதிகம்; பொறுமையில்லாமல் முழுதாகத் தள்ளிவிடுபவருக்குக் குறைவு. நீங்கள் இரண்டாமவரிடம் வாங்க வேண்டும். ஒரு முழுப் பழைய சைக்கிளை வாங்கி, நீங்களே பிரித்து, உங்கள் ஃபிரேமில் பூட்டுங்கள். குறைந்த செலவில் முடிவதாக எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

மவுண்டன் பைக் பிறந்ததே இப்படித்தான். 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் 1930, 40-களின் ஷ்வின் கம்பெனி சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி, தடித்த டயரும் மோட்டார்சைக்கிள் பிரேக் லீவரும் மாட்டி மலைச்சரிவில் ஓட்டினார்கள். மலைக்கென்றே புது ஃபிரேமை அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் செய்தது 1977-ல்தான். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது, இத்தனை விதமான அளவுகள் அப்போது கிடையாது. உங்கள் காலத்தில் அளவுதான் பணம். 34, 135 என்று அளந்து எழுதினீர்களே, அதனால்தான் உங்கள் முன்பணம் தப்பியது.

சரி, எப்படிப்பட்ட சைக்கிளைத் தேடுவது? 26 இஞ்ச், பின்னால் ஷாக் இல்லாத ஹார்ட்டெயில். நேர்த்தண்டு 1⅛ இஞ்ச் ஏர் ஃபோர்க், 80 அல்லது 100 மி.மீ. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் ஹப், பின்னால் 135 மி.மீ. குயிக் ரிலீஸ், கேசட் வகை, 9 அல்லது 10 ஸ்பீடு. பெரிய கம்பெனிகள் எல்லாம் 27.5-க்கும் 29-க்கும் போய்விட்டதால், ஒரு காலத்தில் பந்தயத்துக்கு ஓடிய 26 இஞ்ச் சைக்கிள்கள்கூட இன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஃபிரேம் நசுங்கியது, பெயிண்ட் போனது, விற்பவரின் உயரத்துக்குச் சேராதது எல்லாம் உங்களுக்கு லாபம். செயின் தேய்ந்திருக்கலாம், சீட் கிழிந்திருக்கலாம். ஃபோர்க்கும் சக்கரமும் மட்டும் நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் விலையில் பெரும்பங்கு அந்த இரண்டில்தான் இருக்கிறது.

தேடும்போது முழு சைக்கிளே உங்கள் உயரத்துக்குச் சரியாக, ஃபிரேமும் விரிசல் இல்லாமல் கிடைத்துவிட்டால்? அதையே ஓட்டுங்கள். பூட்டும் ஆசை தீர வேண்டுமென்றால் அதையே கடைசி நட்டுவரை பிரித்து, துடைத்து, கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். கற்றுக்கொள்வது அதே அளவுதான், செலவோ இன்னும் குறைவு. உறவினர் கொடுத்த ஃபிரேம் பரணில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பின்னால் ஷாக் வைத்த சைக்கிள் குறைந்த விலைக்கு வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். மூட்டுக்கு மூட்டு பேரிங், ஷாக்கின் அளவு மாடலுக்கு மாடல் வேறு. வாங்குவதைவிடச் சரிசெய்வதற்கு அதிகம் ஆகும்.

எதை வாங்குவதற்கு முன்பும் உங்கள் ஃபிரேமைச் சோதியுங்கள், இன்றே. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட் டியூபும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், சீட் குழாயும் மேல்குழாயும் சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் (பெடல் அச்சு சுழலும் குழாய்) சுற்றி, பின்சக்கரக் காடிகள். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில் முடி போன்ற கோடாகத் தொடங்கும். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள்; நகம் மாட்டினால் சந்தேகம், கோட்டின் ஓரத்தில் கறுப்பு கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கீழ்க்குழாயின் அடியில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் அந்தச் சைக்கிள் எப்போதோ நேராக எதிலோ மோதியிருக்கிறது. அலுமினியத்தின் குணம் என்னவென்றால், சிறு சிறு அடிகளைக்கூட அது சேர்த்துக்கொண்டே போகும். இரும்புக்கு ஒரு எல்லைக்குக் கீழே உள்ள சுமையைக் காலம் முழுக்கத் தாங்கும் தன்மை உண்டு, அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமை வெல்டிங் வைத்து மலையில் ஓட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோணல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்காடி ஒன்றில் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹெட் டியூபைச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து மறுகாடியில் இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் ஃபிரேம் வளைந்திருக்கிறது. செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தள்ளும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் கழற்றிப் போடும் வகையா என்றும் பாருங்கள். அந்தத் துண்டு மாடலுக்கு மாடல் வேறு வடிவம். உங்கள் ஃபிரேமுக்கு உரியது இன்னும் கிடைக்கிறதா என்பதை இப்போதே உறுதி செய்யுங்கள். ஒரு சின்னத் துண்டு உடைந்து அதற்கு மாற்று கிடைக்காமல் முழு சைக்கிளே மூலையில் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

இன்னும் மூன்று அளவு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட் குழாயின் அகலம் 68-ஆ 73-ஆ, உள்ளே மரை இருக்கிறதா. சீட் போஸ்ட் விட்டம் 27.2-ஆ, 30.9-ஆ, 31.6-ஆ, பிரேக் மாட்டும் துளைகளுக்கு இடையே 51 மி.மீ.யா 74-ஆ. சீட் போஸ்டில் 0.2 மி.மீ. தவறினாலும் ஒன்று நுழையாது, அல்லது இறங்கிக்கொண்டே இருக்கும். இதை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். 51-க்கும் 74-க்கும் இடையில் ஒரு சின்ன அடாப்டர் போட்டால் சரியாகிவிடும். பாட்டம் பிராக்கெட்டில் மரை இருந்தால் நல்ல செய்தி, அந்தப் பழைய வகைக்கு எல்லா விலையிலும் பாகம் கிடைக்கும். வலது பக்கக் கிண்ணம் எதிர்மரை என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெடலில் இடது பக்கம் எதிர்மரை, இங்கே வலது.

விற்பவரின் வாசலில் நிற்கும்போது முதல் வேலை, சீட் போஸ்ட் அசைகிறதா என்று பார்ப்பது. பல வருடம் கழற்றாமல் விட்ட போஸ்ட் ஃபிரேமோடு அரித்துப் பிடித்திருக்கும். அதே போல ஃபிரேமின் அடியில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள், வாங்கிய பில் இருந்தால் கேளுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஃபோர்க்கில் நேரம் செலவழியுங்கள். பளபளப்பான இரண்டு உள்குழாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள். சீலுக்குள் போய் வரும் பகுதியில் கீறலோ, மேல்பூச்சு தேய்ந்து நிறம் மாறிய திட்டோ இருந்தால் வேண்டாம். அந்தக் குழாய்களை மட்டும் மாற்றும் செலவுக்கு இன்னொரு பழைய ஃபோர்க்கே வந்துவிடும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டொக்’ என்று ஆடினால், ஆட்டம் ஹெட்செட்டிலா, ஃபோர்க்கின் உள்புஷ்ஷிலா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஹெட்செட் என்றால் கவலை இல்லை, புஷ் என்றால் விட்டுவிடுங்கள். காற்று அடித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்து அரைமணி நேரத்தைக் கடத்துங்கள். அழுத்தம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சீலில் லேசான எண்ணெய் வளையம் தெரிவது சாதாரணம், அது சர்வீஸ் கேட்கிறது என்று பொருள். அடிக்கால் சர்வீஸை ஃபோர்க் கம்பெனியான ராக்ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. பழையது விற்பவர்களில் அதைச் செய்தவரைப் பார்ப்பது அபூர்வம். எனவே சீல் கிட், எண்ணெய் விலையை ஃபோர்க் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

வெட்டிய தண்டு இன்னொரு கண்ணி. பழைய ஃபோர்க் என்றால் ஸ்டியரரை முந்தைய ஃபிரேமின் உயரத்துக்கு வெட்டியிருப்பார்கள். வெட்டியதை நீட்ட முடியாது. உங்கள் ஹெட் டியூப் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், ஹெட்செட் கிண்ணங்களுக்கு 25 முதல் 30, ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு) பிடிக்க 40. ஆக 185 முதல் 190 மி.மீ. தண்டாவது வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு எண்ணைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போங்கள்.

மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் மாட்டிய சைக்கிள்கள் நிறைய வரும். கனம் அதிகம், இடியை விழுங்காமல் திருப்பி உதைக்கும், பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லாதவை பல. நல்ல ஏர் ஃபோர்க் கிடைக்காவிட்டால் ஒரு நேர் இரும்பு ஃபோர்க்கைப் போட்டு, முன்னால் தடித்த டயர் மாட்டி ஓட்டுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் செத்த சஸ்பென்ஷனைவிட அது கைக்கும் இதம், பராமரிப்பும் கிடையாது.

சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பாருங்கள். கோட்டம் எடுத்துவிடலாம், ஆனால் ரிம்மில் ஸ்போக் துளையைச் சுற்றிக் கீறல் இருந்தால் எடுத்தும் பயனில்லை. ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள், ஒரே பக்கத்தில் சில மட்டும் தொளதொளவென்றிருந்தால் ரிம் அடிபட்டு வளைந்திருக்கும். கையில் அச்சைப் பிடித்துச் சுழற்றினால் மணல் அரைப்பது போன்ற நறநறப்பு தெரிகிறதா? கிண்ணமும் கூம்பும் வைத்த ஹப் என்றால் பிரித்துப் பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைக்கலாம். பல்சக்கரத் தொகுதியை அப்படியே மரையில் திருகும் ஃப்ரீவீல் வகை ஹப்பை மட்டும் மலைக்கு வாங்காதீர்கள். அதில் வலது பக்க பேரிங் வெகு உள்ளே இருக்கும். அச்சின் நீண்ட பகுதி தாங்கல் இல்லாமல் நிற்பதால் வளையும், உடையும். ஹப், ரிம், ஸ்போக் என்று தனித்தனியாக வாங்கி வீல் பின்னும் எண்ணத்தையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கற்றுக்கொள்ள அருமையான வேலை, ஆனால் செலவு குறையாது.

கியரில் பலரும் கைவைக்கத் துடிப்பார்கள். முன்னால் மூன்று பல்சக்கரம் பழைய பாணி, ஒன்றாக்கினால்தான் அழகு என்பார்கள். வாங்கும் சைக்கிளில் மூன்றுக்கு ஒன்பது கியர் ஒழுங்காக விழுகிறது என்றால் அப்படியே விடுங்கள். கணக்குப் பாருங்கள்: முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 0.65 சுற்று. முன்னால் 32 மட்டும் வைத்தால் அதே 34-க்கு 0.94. செங்குத்தான ஏற்றத்தில் இந்த வித்தியாசத்தை முழங்கால் சொல்லும். பின்னால் 42 பல் கேசட் போட்டால்கூட 0.76 வரைதான் வரும், அதற்குப் பழைய 9 ஸ்பீடு டீரெய்லரின் கை எட்டாது, அதையும் மாற்ற வேண்டும். பிறகு ஒருநாள் செய்வதாக இருந்தால், நான்கு போல்ட்டுகள் 104 மி.மீ. வட்டத்தில் அமைந்த கிராங்கில் (பெடல் மாட்டும் கை) நடுச்சக்கரத்தின் இடத்தில் 32 பல் நேரோ-வைட் சக்கரம் (செயின் கழலாதபடி ஒல்லியும் பருமனுமாக மாறி மாறிப் பல் வைத்தது) போட்டு, மற்ற இரண்டையும் கழற்றிவிடலாம். கிராங்க் மாற்ற வேண்டியதில்லை. குட்டையான சக்கர போல்ட்டுகள் மட்டும் வாங்க வேண்டும்.

ஷிஃப்டரும் பின் டீரெய்லரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஷிமானோவின் 9 ஸ்பீடு ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் அளவுக்கு அதன் 10 ஸ்பீடு மவுண்டன் டீரெய்லர் நகராது. ஸ்ராம் ஷிஃப்டரோடு ஷிமானோ டீரெய்லரும் பொதுவாகச் சேராது. ஆகவே இந்த இரண்டையும் தனித்தனியாக வாங்காதீர்கள். டீரெய்லரின் கூண்டு வளைந்திருக்கிறதா, மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செயினை அளக்க ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னிலிருந்து 24 இணைப்பு தள்ளி இருக்கும் பின்வரை புதிய செயினில் சரியாக 12 இஞ்ச், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். 307 காட்டினால் 9, 10 ஸ்பீடு செயின் முடிந்துபோனது. எப்படியும் செயினையும் கேசட்டையும் ஜோடியாகப் புதிதாகப் போடுவதே நல்லது. தேய்ந்த கேசட்டில் புதுச் செயின் போட்டால், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது தாவும். அப்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இருக்கும்.

பிரேக் விஷயத்தில் நான் கறாரானவன். விலையுயர்ந்த பழைய ஹைட்ராலிக் பிரேக்கைவிட, பேர்பெற்ற கம்பெனியின் அடிமட்ட மாடல் புதிதாக இருந்தால் அதுவே மேல். வாங்கும் சைக்கிளோடு வரும் பிரேக்கை வைத்துக்கொள்வதானால், லீவரை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் எங்கோ கசிகிறது. எண்ணெயை மாற்றும்போது எந்த வகை என்று லீவர் மூடியில் படியுங்கள். ஷிமானோவும் டெக்ட்ரோவும் மினரல் ஆயில். பழைய ஏவிட், ஸ்ராம் மாடல்கள் டாட் திரவம் (வாகனங்களில் ஊற்றும் பிரேக் திரவம்). ஒன்றில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். ஷிமானோ ரோட்டர் (பிரேக் தட்டு) புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். பிரேக் பேடு எப்போதும் புதிது. பழைய பேடில் என்ன எண்ணெய் ஊறியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லும் மற்றவை: ஹெல்மெட், ஹேண்டில்பார், டயர், எல்லாக் கேபிள்களும் அவற்றின் உறைகளும். ஹெல்மெட் ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. ஹேண்டில்பாரும் அப்படியே, யாரோ எத்தனை முறை விழுந்தார்கள் என்பதை அது உங்களுக்குச் சொல்லாது, உடையும்போதுதான் சொல்லும். கார்பன் பார் என்றால் பேச்சுக்கே இடமில்லை. நல்லவேளையாக அலுமினியப் பார் பெரிய செலவில்லை. ஸ்டெம்மின் பிடி 25.4-ஆ 31.8-ஆ என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். டயர்தான் நீங்கள் செலவழிப்பதில் உடனடியாகப் பலன் தெரியும் இடம். வேறெதில் மிச்சம் பிடித்தாலும் முன் டயரில் பிடிக்காதீர்கள்.

பட்ஜெட் போடும்போது சில்லறைச் சாமான்களுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். ஹெட்செட், ஸ்டார் நட், ஸ்பேசர் வளையங்கள், சீட் கிளாம்ப், பிரேக் அடாப்டர், கைப்பிடி, டியூப், கிரீஸ். ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல பழைய ஃபோர்க் விலையைத் தொடும். கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவர்களில் பலர் நின்றது இந்த இடத்தில்தான்.

கருவிகளில் அலன் கீ செட், நட்சத்திர முனை டி25, கேசட் கழற்றும் சாவி, செயின் கட்டர், உங்கள் பாட்டம் பிராக்கெட்டுக்கு உரிய சாவி ஆகியவை சொந்தமாக இருக்கட்டும். ஹெட்செட் கிண்ணம் இறக்குவது, ஹேங்கர் நேராக்குவது, பாட்டம் பிராக்கெட் மரையைச் சுத்தம் செய்வது, இவற்றைக் கடையில் கொடுங்கள். அதற்கான கருவிகளை ஒரே ஒரு சைக்கிளுக்காக வாங்குவது வீண். சுத்தியலால் அடித்துக் கிண்ணம் இறக்காதீர்கள். கோணலாக இறங்கினால் ஃபிரேமின் வாய் ஓவலாகிவிடும்.

பூட்டும்போது இறுக்கத்தைக் கவனியுங்கள். ஸ்டெம் போல்ட்டுகள் 5 நியூட்டன் மீட்டர் அளவில் போதும்; நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கேசட் மூடி வளையத்துக்கு 40 வேண்டும், கையில் நன்றாகப் பலம் கொடுத்தால்தான் வரும். சதுரத் தண்டு கிராங்க் போல்ட்டுக்கு 35-க்குக் குறையக் கூடாது. கிராங்கை லேசாக இறுக்கிவிட்டு ஓட்டினால் அலுமினியத் துளை உருண்டு போய்விடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. மரை உள்ள எல்லா இடத்திலும், சீட் போஸ்டிலும் கிரீஸ் தடவுங்கள். ரோட்டரிலும் பேடிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

முதல் ஓட்டத்துக்கு மலைக்குப் போகாதீர்கள். சமதளத்தில் வேகமெடுத்து, நின்றுவிடாமல் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, திரும்ப வேகமெடுத்து, இப்படி இருபது தடவை செய்தால் பேடும் ரோட்டரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கிராங்க், ஸ்டெம், ரோட்டர் போல்ட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். புதுக் கேபிள்கள் சில நாளில் தளர்ந்து கியர் தாறுமாறாக விழும். ஷிஃப்டர் பக்கத்துத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

மீதிப் பாகங்களைச் சேர்த்து வைக்காதீர்கள். வாங்கிய சைக்கிளின் ஃபிரேம் விரிசல் இல்லாமல் இருந்தால் அதையும், உங்களுக்குச் சேராத சீட் போஸ்ட், பழைய ஸ்டெம் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். இப்போது நீங்கள் பிரித்து விற்பவர், விலை உங்கள் பக்கம். விளம்பரத்தில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று மட்டும் போடாமல் விட்டம், அகலம், தண்டு நீளம் என்று எல்லா அளவையும் எழுதுங்கள். அளவு எழுதிய பாகம் சீக்கிரம் போகும்.